வானம் பூசிய பிறகு

"யாரும் கை வைக்காதீங்க! அப்புறம் கை இருக்காது, சொல்லிட்டேன்!"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு சஸ்தினி கத்தினாள். யார் கேட்டார்கள்? கலிசாரி பள்ளியின் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் அவள் வீட்டுக் கூடத்துக்குள் முண்டியடித்துக்கொண்டிருந்தது. எள்ளு போட்டால் எள்ளு விழாது. நடுவில், இரண்டு முக்காலிகளின் மேல், கதவுப் பலகை அளவுக்கு ஒரு கண்ணாடி படுத்திருந்தது. மேலே பார்த்தால் வெறும் நீலப் பூச்சு. படம் அதற்கு அடியில் இருந்தது.

அன்றுதான் கண்ணாடியைத் திருப்பும் நாள்.

காகிதத்தில் படம் வரைகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். முதலில் வானத்தைப் பூசலாம், அதன்மேல் மரம் வைக்கலாம், மரத்தின்மேல் குரங்கு வைக்கலாம். குரங்கு சரியில்லையென்றால் அதன்மேல் பூசி மறைத்தும் விடலாம். கண்ணாடி ஓவியத்தில் அந்தக் கதையே நடக்காது. கண்ணாடியின் முதுகில் வரைந்து, முகத்தின் வழியாகப் பார்க்க வேண்டும். முதலில் கண்ணின் கருமணி, பிறகு கண், பிறகு முகம், பிறகு சட்டை. எல்லாம் முடிந்த பிறகுதான் வானம். வானம் பூசிவிட்டால் அதற்கு முன்னால் ஓர் எறும்பைக்கூடக் கொண்டுவந்து நிறுத்த முடியாது.

இதெல்லாம் சஸ்தினிக்குப் பால்குடிப் பருவத்திலேயே தெரியும். அவளுடைய அம்மா ரொக்காயா, சிரெபோன் நகரம் வரைக்கும் பேர் வாங்கிய கண்ணாடி ஓவியர். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் சன்னலோரம் உட்கார்ந்தால், சோறு ஆறிப் போனாலும் எழுந்திருக்க மாட்டார். விரல் நுனி எப்போதும் நீலம். கொண்டையில் எப்போதும் ஒரு தூரிகை. ஒருமுறை அந்தத் தூரிகையாலேயே காபியைக் கலக்கிக் குடித்துவிட்டு, "இன்னிக்குக் காபி கொஞ்சம் கசக்குதே" என்றார்.

"படமெல்லாம் உனக்கு எங்கேர்ந்தும்மா வருது?" என்று சஸ்தினி கேட்டால் ஒரே பதில்தான்.

"எனக்கென்னடி தெரியும்? கொசு மாதிரி எங்கேர்ந்தோ வருது. வந்த உடனே பிடிக்கணும். விட்டா போயிடும்."

பள்ளிக்கூடத்தில் புதிய வகுப்பறைகள் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வகுப்பும் தன் அறையில் தன் படத்தை மாட்ட வேண்டும். வகுப்பாசிரியர் பாக் தார்யா ('பாக்' என்றால் அந்த ஊரில் 'ஐயா') ரொக்காயாவைத்தான் முதலில் கேட்டார். ரொக்காயாவின் கையில் ஒரு கல்யாணப் பட வேலை இருந்தது. அப்போது சஸ்தினி கையைத் தூக்கினாள். தூக்கிய கையை, பாக் தார்யா சரி என்று சொல்லும்வரை இறக்கவே இல்லை.

மழைக்காலம் முழுக்க வரைந்தாள். தும்பிக்கையும் இறக்கையும் வைத்த பெரிய சிங்கத் தேர். அதை ஐந்தாம் வகுப்பே சேர்ந்து இழுக்கிறது. மேலே, சிரெபோன் மேகங்கள், அடுக்கடுக்காகச் சுருண்ட நீலம்.

"ஒண்ணு… ரெண்டு… மூணு!"

நான்கு பேர் பிடித்துத் திருப்பினார்கள்.

வீடே இரண்டாகிவிட்டது.

"நான் இங்க! கயிறைப் பிடிச்சிட்டிருக்கேன்!"

"அய்யோ, என் செருப்பு அறுந்ததைக்கூட போட்டிருக்கா பாரு!"

எல்லாருக்கும் மேலே, சிங்கத்தின் தலையிலேயே ஏறி உட்கார்ந்திருந்தான் ஜுனைதி. அந்த இடத்துக்காக அவன் சஸ்தினிக்கு ஒரு கூடை மாங்காய் கொடுத்திருந்தான்.

"என் பல்லு இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்றான் ஜுனைதி.

"இதைவிடப் பெருசு. கண்ணாடியில இடம் பத்தல," என்றாள் சஸ்தினி.

சிரித்துச் சிரித்து எல்லாரும் வெளியே போன பிறகும் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வசீரா. அவள் விரல் கண்ணாடியைத் தொடாமல், ஒவ்வொரு முகமாக நகர்ந்து போனது. இடமிருந்து வலம் போனது. மறுபடி வலமிருந்து இடம் வந்தது.

சஸ்தினிக்கு அப்போதுதான் உறைத்தது. வசீராவைப் போடவே இல்லை! வேண்டுமென்றே விடவில்லை. கோபத்தில் விடவில்லை. அவள் நினைவே வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் கொடுமை.

"நல்லாயிருக்கு," என்றாள் வசீரா. சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

சஸ்தினி தெருமுனை வரைக்கும் துரத்திப் போய்ப் பிடித்தாள்.

"வசீரா, நில்லு! நான்… மறந்துட்டேன்."

"பரவால்ல."

"நீ நடுவுல வந்து சேர்ந்தியா, அடிக்கடி லீவு வேற போட்டியா…"

"நான் தினம் ஸ்கூலுக்கு வந்துட்டா எங்க வாத்தையெல்லாம் யாரு மேய்ப்பாங்க? உங்க அப்பாவா?" வசீராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. "ஞாயித்துக்கிழமை நாங்க கிளம்பறோம். இங்க அறுப்பு முடிஞ்சுபோச்சு. வயல்ல சிந்தின நெல்லெல்லாம் வாத்து தின்னு தீத்துடுச்சு. இனிமே மேக்கே, சுபாங் பக்கம்."

"ஞாயித்துக்கிழமையேவா?"

"ஆமா. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஸ்கூல்ல சேருவேன். நான் போனதும் என் இடத்துல வேற யாராச்சும் உக்காந்துப்பாங்க. அவ்ளோதான், நான் வந்தேங்கறதே யாருக்கும் தெரியாது. இங்க படம் வரையறாங்கன்னதும் சந்தோஷமா இருந்துச்சு. இந்த ஊர்லயாவது நான் இருப்பேன்னு நெனச்சேன்."

அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சஸ்தினிக்கு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போய் நின்றாள். "அம்மா, ஒரு ஆளை விட்டுட்டேன்."

ரொக்காயா நிமிர்ந்தார். "வானம் பூசிட்டியே?"

"பூசிட்டேன்."

"அப்ப முடிஞ்சுது. அடுத்த வருஷம் வேற படத்துல போடு."

"அடுத்த வருஷம் அவ இருக்க மாட்டாம்மா."

மறுபடியும் முதலிலிருந்து வரைய நேரமில்லை. சனிக்கிழமை படம் மாட்ட வேண்டும், அன்று புதன்கிழமை. விஷயத்தைக் கேள்விப்பட்டு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "சட்டத்துல அவ போட்டோவ ஒட்டிடு," என்றான் ஜுனைதி. "கீழே அழகாப் பேர் எழுதிடலாம்மா," என்றார் பாக் தார்யா.

"பேரு எழுதினா ஆளு வந்துடுமா பாக்? எல்லாரும் தேர் இழுக்கறாங்க. அவ மட்டும் பேரா நிப்பாளா?"

பாக் தார்யா கன்னத்தைச் சொறிந்தார்.

"வானத்தைச் சுரண்டப் போறேன்," என்றாள் சஸ்தினி அம்மாவிடம்.

"பிளேடு கொஞ்சம் நழுவினா பக்கத்துல இருக்கறவன் தலை போயிடும்."

"நழுவாம சுரண்டறேன்."

"தரையில இடமே இல்லையேடி. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கிட்டு நிக்கறாங்க. காலி இடம் வானம் மட்டும்தான். வானத்துல அவளை எப்படி நிறுத்துவே? அவ என்ன காத்தாடியா?"

சஸ்தினி பிளேடை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உன் படம். உன் பிளேடு," என்றார் ரொக்காயா. "நான் தடுக்கவும் மாட்டேன். கை வைக்கவும் மாட்டேன்."

அன்று மாலை ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு வசீராவை வரைந்து பார்த்தாள். மூக்கு எப்படி இருக்கும்? தெரியவில்லை. ஒற்றைப் பின்னலா, இரட்டையா? தெரியவில்லை. இத்தனை மாதம் ஒரே அறையில் உட்கார்ந்தவளின் முகம் தெரியவில்லையே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளைக் கசக்கி எறிந்தாள்.

மறுநாள் பொழுது விடிந்தும் விடியாமலும் வயலுக்குப் போனாள்.

அறுத்து முடித்த வயல்களில் தண்ணீர் தேங்கி நின்றது. வரப்போரமாக ஒரு நீலத் தார்ப்பாய்க் கூடாரம். அதுதான் வசீராவின் வீடு. பக்கத்தில் வலை கட்டிய பட்டி. வசீராவின் அப்பா வலையைத் தூக்கியதும் வாத்துகள் திபுதிபுவென்று கொட்டின. என்ன சத்தம், என்ன சத்தம்! சந்தை தோற்றுவிடும்.

முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, நீண்ட மூங்கில் கழியோடு வசீரா தண்ணீருக்குள் நின்றிருந்தாள்.

"எதுக்கு வந்தே?" என்றாள்.

"உன் மூஞ்சியப் பாக்க."

"நேத்துதான் பாத்தியே."

"பாத்தேன். ஆனா சரியாப் பாக்கல."

வசீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க வேறு பக்கம் திரும்பி, "வே… வே… வே!" என்று வாத்துகளைக் கூப்பிட்டாள். கூட்டம் மொத்தமும் இடப்பக்கம் திரும்பியது. ஒரே ஒரு வாத்து மட்டும் வலப்பக்கம் போனது.

"அது ஏன் அப்படிப் போகுது?"

"அது ராத்து. ராத்துன்னா ராணின்னு அர்த்தம். அப்படிப் பேரு வெச்சோம். அன்னியிலேர்ந்து யார் சொன்னாலும் கேக்காது."

ராத்து தண்ணீரில் தத்தித் தத்திப் போனது. அதன் காலைச் சுற்றி வளையம் வளையமாக அலை விரிந்தது. வளையத்துக்குள் வளையம். நீலத்துக்குள் நீலம். அப்போதுதான் சஸ்தினி கவனித்தாள். தண்ணீர் முழுக்க வானம் கிடந்தது. மேகங்கள் கிடந்தன. அந்த மேகங்களின் மேலே வாத்துகள் நடந்தன. நட்டநடு வானத்தில் கழியை ஊன்றிக்கொண்டு வசீரா நின்றாள்.

சஸ்தினி கையை நீட்டிக் கத்தினாள். "அசையாதே! அப்படியே நில்லு!"

"ஏன், பாம்பா?" வசீரா பதறினாள்.

"இல்ல, இல்ல! கிடைச்சிடுச்சு! உன்னைப் படத்துல போடப் போறேன்!"

வசீராவின் முகம் இறுகிவிட்டது. "ஒண்ணும் வேண்டாம். பாவம்னு நெனச்சு மூலையில ஈ மாதிரி ஒட்டி வெப்பே. அதுக்கு இல்லாமலே இருந்துட்டுப் போறேன்."

"மூலையில இல்ல. எல்லாருக்கும் மேல. வானத்துல."

"எனக்கு மட்டும் என்ன அவ்ளோ மரியாதை?"

"மரியாதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்கதான் இடம் இருக்கு," என்றாள் சஸ்தினி ஒளிக்காமல். "ஆனா வாத்து எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியாது. நீ வந்து சொல்லலேன்னா கோழி மாதிரி வந்துடும்."

வசீரா கொஞ்ச நேரம் கழியால் சேற்றைக் குத்திக்கொண்டு நின்றாள்.

"கோழி மாதிரி வந்தா எங்க அப்பா மானம் போயிடும்," என்றாள் கடைசியில். "ஸ்கூல் விட்டதும் வரேன்."

சொன்னபடியே வந்தாள். அவள் அம்மா கொடுத்தனுப்பிய உப்பு போட்ட வாத்து முட்டைகளும் ஒரு பையில் வந்தன.

கண்ணாடியைக் கவிழ்த்து முக்காலிகளின் மேல் வைத்தார்கள். சஸ்தினி மேலே குனிந்து நின்றாள்; வசீரா தரையில் பாயை விரித்து, கண்ணாடிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டாள். படத்தின் முகம் அவளுக்குத்தான் தெரியும். வழி சொல்ல வேண்டியது அவள் வேலை.

நனைத்துத் துடைத்தால் சாயம் சீக்கிரம் கரையும். ஆனால் பக்கத்துச் சாயத்தையும் இழுத்துக்கொண்டு கரையும். அதனால் வெறும் பிளேடுதான். சஸ்தினி மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் கீறலைப் போட்டாள். கர்ர்ர் என்ற சத்தத்தில் இருவருக்கும் பல் கூசியது. நீலம் சுருள் சுருளாக உதிர்ந்தது.

"வெளிச்சம் வருது! உன் மூக்கு தெரியுது!" என்று கீழேயிருந்து கத்தினாள் வசீரா.

"மூக்கை விடு. வழியச் சொல்லு."

"இன்னும் கொஞ்சம் இடது. ஐயோ, இந்த இடது இல்ல! என் இடது! உனக்கு வலது!"

"ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை!"

"ஜுனைதி பல்லு இருக்கற பக்கம்!"

அது இருவருக்கும் புரிந்தது. அதற்கப்புறம் இடதும் இல்லை, வலதும் இல்லை. பல்லுப் பக்கம், வால் பக்கம், அவ்வளவுதான்.

முதலில் வசீராவின் உருவத்துக்கு இடம் சுரண்டினாள். பிறகு கழிக்கு ஒரு கோடு. பிறகு ஒவ்வொரு வாத்தாக. ஒன்றைச் சுரண்டியதும் கீழேயிருந்து தீர்ப்பு வரும்.

"கழுத்து ரொம்ப நீளம். இது கொக்கு."

"இது?"

"இது பரவால்ல. ஆனா பசியில இருக்கு. வயித்தைக் கொஞ்சம் பெருசாக்கு."

சன்னலோரம் கல்யாணப் படம் வரைந்துகொண்டிருந்த ரொக்காயாவின் தூரிகை வெகுநேரமாக ஒரே இடத்தில் நின்றது. ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. எழுந்து வரவும் இல்லை.

கடைசி வாத்து பாக்கி. ராத்து. அதைக் கூட்டத்தை விட்டு விலகி, தனியாக, கீழே இறக்கி வைக்க வேண்டும் என்று வசீரா அடம்பிடித்தாள். சஸ்தினிக்குக் கை வலித்தது. இருந்தாலும் விடவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பிளேடு சறுக்கியது.

"அல்லாவே!" என்று அலறினாள் வசீரா. "ஜுனைதிக்கு மொட்டை!"

சஸ்தினி பிளேடை ஓரமாக வைத்தாள். குனிந்து கீழே வந்து பார்த்தாள். சிங்கத்தின் தலைமேல் உட்கார்ந்திருந்த ஜுனைதியின் உச்சிமுடி மொத்தமும் காணோம். அந்த இடத்தில் அகலமாக ஒரு ஓட்டை. மழைக்காலம் முழுக்க வரைந்த படம்!

கண்ணில் நீர் முட்டியது. புறங்கையால் தேய்த்துக்கொண்டாள்.

"முடியைத் திருப்பி வரைஞ்சிடலாமே," என்றாள் வசீரா மெதுவாக.

"வரையலாம். ஆனா புதுக் கறுப்பு பழைய கறுப்போட சேராது. ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்." சஸ்தினி ஓட்டையையே வெறித்துப் பார்த்தாள். அகலமான ஓட்டை. கொஞ்சம் குண்டான ஓட்டை. "வசீரா, ராத்து யார் சொன்னாலும் கேக்காதுன்னு சொன்னே இல்ல?"

"கேக்கவே கேக்காது."

"எங்க வேணும்னாலும் போய் உக்காருமா?"

வசீரா கண்ணாடியைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். ஜுனைதியின் பல்லைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் பாயில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ரொக்காயாகூட முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

வெள்ளிக்கிழமை முழுக்க வண்ணம். முதலில் கறுப்புக் கோடு: கண், மூக்கு, ஒற்றைப் பின்னல். மூக்கின் மேல் இருந்த சின்ன மச்சத்தைச் சஸ்தினி இப்போது மறக்கவில்லை. கோடு காய்ந்ததும் மஞ்சள் சட்டை, சேறு படிந்த கால், வெள்ளை வெள்ளையாக வாத்துகள். எல்லாம் காய்ந்ததும், சுற்றிலும் விட்டுப்போன இடுக்குகளில் மறுபடி நீலம்.

அங்கேதான் வம்பு வந்தது. நீலம் சேரவில்லை. வெள்ளை கலந்து பார்த்தாள். கறுப்பு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். எத்தனை கலந்தும், வசீராவைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு வெளுப்பாகத் தெரிந்தது.

"அது சேராது," என்றார் ரொக்காயா தன் இடத்திலிருந்தே. "அது மழைக்காலத்துல காஞ்ச நீலம். இது இன்னிக்கு நீலம்."

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே! இவளை அப்புறமாத்தான் போட்டேன்னு!" என்றாள் சஸ்தினி.

பாயில் படுத்திருந்த வசீரா தலையை வெளியே நீட்டினாள்.

"தெரியட்டுமே," என்றாள். "நான் நடுவுலதானே வந்து சேர்ந்தேன்?"

சஸ்தினி அவளைப் பார்த்தாள். தூரிகையைக் கீழே வைத்தாள். அதற்கு மேல் ஒரு சொட்டு நீலமும் கலக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது. நான்கு பேர் கண்ணாடியைச் சுமந்து வர, "முதுகு இன்னும் ஈரம்! முதுகைத் தொடாதீங்க!" என்று முன்னும் பின்னும் ஓடினாள் சஸ்தினி. அவள் போட்ட கூச்சலில் படம் பத்திரமாகச் சுவரில் ஏறியது.

முதலில் அலறியது ஜுனைதிதான்.

"என் தலையில வாத்து உக்காந்திருக்கு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஒரு கூடை மாங்கா கொடுத்தேன்! வாத்துக்கு நாற்காலியாவா என்னைப் போட்டே?"

"அது சாதா வாத்து இல்லடா, ராணி," என்றாள் சஸ்தினி. "இத்தனை பேர் இருக்க உன் தலையிலதான் உக்காந்திருக்கு. யோசிச்சுப் பாரு."

ஜுனைதி யோசித்தான். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "ராணியா? சரி சரி, இருந்துட்டுப் போகட்டும்."

வசீராவின் அப்பா சேற்றுக் காலோடு உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். பாக் தார்யா கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். சிங்கத்துக்கு மேலே, சுருண்டு சுருண்டு விரிந்த மேகங்களில், வெள்ளை வாத்துகள் வரிசையாக நடந்தன. அவற்றுக்குப் பின்னால், கழியை ஊன்றிக்கொண்டு அவர் மகள்.

"எம்பொண்ணு," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். அவர் தலையாட்டியதும், அந்தப் பக்கம் திரும்பி இன்னொருவரிடமும் சொன்னார். "எம்பொண்ணு அது."

வசீரா சஸ்தினியின் கையை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் வீட்டுக்குப் போகும்வரை விடவே இல்லை. சஸ்தினிக்கு விரல் வலித்தது. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. வாத்துக் கூடைகள் ஏறின, நீலத் தார்ப்பாய் ஏறியது, எல்லாவற்றுக்கும் மேலே வசீரா ஏறினாள். அறுவடை முடிந்த வயல்களைத் தாண்டி லாரி மேற்கே போய்விட்டது.

திங்கட்கிழமை, புதிய வகுப்பறையில் பாக் தார்யா வருகைப் பதிவை எடுத்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக "இருக்கேன் பாக்!" என்றார்கள். பழக்க தோஷத்தில் அடுத்த பெயரும் அவர் வாயில் வந்துவிட்டது.

"வசீரா."

பாக் தார்யா நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெயரை அடிப்பதற்காகப் பேனாவைச் சாய்த்தார்.

"இருக்கா, பாக்!"

எழுந்து நின்றது ஜுனைதி.

"எங்கடா இருக்கா?"

"அதோ, மேல பாருங்க. என் தலைக்கும் மேல!"

"ஆமா பாக், இருக்கா! இருக்கா!" என்று ஐந்தாம் வகுப்பே எழுந்து சுவரைக் காட்டியது. எல்லாருடைய குரலையும்விட சஸ்தினியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

பாக் தார்யா படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வசீராவின் பெயருக்கு நேரே 'வந்திருக்கிறாள்' என்று குறித்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.